பெரட்டு நின்ற இடம் எது?

"உங்க குடும்பத்துல யாராவது நேதாஜி படையில இருந்தாங்களா?" வானொலியில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால், அன்றைக்கு நிலையத்துத் தொலைபேசிக்கு ஓய்வே கிடையாது. சபாக், சுங்கை புசார், தஞ்சோங் காராங் என்று எங்கள் பக்கத்து நேயர்கள்தான் முந்திக்கொள்வார்கள். தாத்தா காக்கிச் சட்டை போட்டார், பாட்டி துப்பாக்கி பிடித்தார், மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டே பயிற்சி எடுத்தார்கள் என்று கதைகள் வந்து விழும்.

"பயிற்சி எடுத்தது எந்த இடம்ங்க?" என்று அடுத்து நான் கேட்பேன். அங்கேதான் பேச்சு தடுமாறும். "ஏதோ கேம்ப்புன்னு சொல்லுவாரு... கேட்டு வைக்கலீங்களே."

இந்தப் பதிலுக்குப் பின்னால் நாம் எதை இழந்துகொண்டிருக்கிறோம் என்பதைத்தான் இந்த வாரம் பேசலாம் என்றிருக்கிறேன்.

கோல சிலாங்கூரில் புக்கிட் மெலாவத்தி ஏறாத பள்ளிப் பிள்ளை இருக்காது. 1784-ல் டச்சுக்காரர்கள் பிடித்த கோட்டை அது. கல்லும் பீரங்கியும் இன்றைக்கும் அங்கே இருக்கின்றன. சண்டை நடந்த இடம் இதுதான் என்று பிள்ளைகளுக்குக் கைநீட்டிக் காட்ட முடிகிறது. ஜப்பான்காரன் காலத்தில் நம் ஆட்கள் பயிற்சி எடுத்த முகாம்களை அப்படிக் காட்ட முடியுமா? மரக்கம்பமும் அத்தாப்புக் கூரையுமாக எழுந்த கொட்டகைகள் எத்தனை மழைக்குத் தாங்கும்?

நமக்குத் தெரிந்த முகாம்களும் உண்டு. 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த நேதாஜி, பெண்களுக்கென்று ஒரு படை அமைக்கப்போவதாக அறிவித்தார். அந்த அக்டோபர் 22-ஆம் தேதி, வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தலைமை ஏற்றவர் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். கோலாலம்பூரிலிருந்து போன ஜானகி, பின்னாளில் ம.இ.கா.வின் தொடக்ககால உறுப்பினராகவும் செனட்டராகவும் விளங்கிய ஜானகி ஆதி நாகப்பன்தான். ஆசிரியைகளின் சம ஊதியத்துக்காகப் போராடிய ராசம்மா பூபாலனும் அந்தப் படையில் இருந்தவர். இவர்கள் படித்தவர்கள். பேட்டி கொடுத்தார்கள், வரலாற்றில் பெயர் நின்றது. ஆனால் அதே வரிசையில் நின்றவர்களில் பலர் தோட்டத்திலிருந்து போன பெண்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் எங்கே போய் நாட்குறிப்பு எழுதுவார்கள்?

எல்லோரும் நாட்டுப்பற்றால் மட்டும் சேர்ந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. பசிக்காகச் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கு எடுப்பதைப் 'பெரட்டு' என்போம். 'பரேட்' என்ற சொல்தான் அப்படித் திரிந்தது என்பார்கள். கங்காணிக்கு முன்னால் பெரட்டு நின்ற அதே கால்கள், முகாமில் இன்னொரு பெரட்டு நின்றன. இந்தமுறை அவர்களுக்குக் கட்டளை இந்துஸ்தானியில் வந்தது. தமிழ்ப் பெண்களுக்கு அந்த மொழியை ரோமன் எழுத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்.

மண்ணைத் தோண்டினால் இதெல்லாம் கிடைக்காதா? ஓரளவுக்குக் கிடைக்கும். இங்கிலாந்தில் கானக் சேஸ் என்ற இடத்தில் முதல் உலகப் போர்க்காலப் பயிற்சி முகாம்கள் இருந்தன. பெல்ஜியத்தின் மெசின்ஸ் போர்க்களத்தை, பதுங்குகுழிகளோடு சிறிய அளவில் அங்கே தரையிலேயே மாதிரியாகச் செய்து வைத்திருந்தார்கள். 2013-ல் அதை அகழ்ந்தெடுத்துப் பதிவு செய்துவிட்டு, பாதுகாப்புக்காகத் திரும்பவும் மண்ணால் மூடினார்கள். நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூரின் ஆடம் பார்க்கில், 1942-ல் சண்டை நடந்து பிறகு போர்க்கைதிகள் முகாமாக மாறிய இடத்தை ஆய்வு செய்து, தோட்டாக்களையும் சீருடைப் பொருள்களையும் எடுத்திருக்கிறார்கள்.

கட்டடம் போனாலும் தடம் இருக்கும் என்பதுதான் இந்த ஆய்வுகளின் அடிப்படை. கம்பம் மக்கிப்போன குழியில் மண்ணின் நிறம் மாறியிருக்கும். அப்படிப்பட்ட வட்டங்கள் வரிசையாக இருந்தால் அங்கே ஒரு கொட்டகை நின்றிருக்கிறது. சாம்பலும் கரியும் சேர்ந்து கிடந்தால் சமையல்கட்டு. சுடும் பயிற்சி நடந்த இடத்தில், இலக்குக்குப் பின்னாலிருக்கும் மண்மேட்டில் குண்டுகள் புதைந்திருக்கும். பிரிட்டிஷ் காலித் தோட்டாவின் அடியில் தயாரித்த ஆலையின் குறியும் ஆண்டும் பொறித்திருக்கும்.

ஆனால் நம் கதையில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன.

ஒன்று, செம்பனை. ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒருமுறை பழைய மரங்களைச் சாய்த்து, இயந்திரத்தால் மண்ணைப் புரட்டி மறுநடவு செய்கிறார்கள். கித்தாவும் தென்னையும் நின்ற காலத்திலிருந்து கணக்குப் பார்த்தால், இந்த 80 ஆண்டுகளில் ஒரே நிலம் மூன்று முறை புரண்டிருக்கலாம். கம்பக்குழியின் தடம் இதற்கெல்லாம் தப்பிப் பிழைப்பது அபூர்வம்.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. ஐ.என்.ஏ. பெரும்பாலும் பயன்படுத்தியது, பிரிட்டிஷாரிடமிருந்து கைப்பற்றிய ஆயுதங்களை. அதனால் ஒரு காலித் தோட்டா கிடைத்தாலும், சுட்டது வெள்ளைக்காரப் படையா நம் தாத்தாவா என்பதை அது சொல்லாது. "இங்கதான் நாங்க நின்னோம்" என்று ஒருவர் சொன்னால்தான் அந்தத் தோட்டாவுக்குப் பொருள் வரும். அப்படிச் சொல்லக்கூடியவர்களுக்கு இன்று வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகளுக்கே எழுபது ஆகிறது. லயத்து வீடுகள் காலியாகி, குடும்பங்கள் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் போய்விட்டன. இடத்தைக் காட்டச் சொன்னால், காட்டுவதற்கு அங்கே ஆள் இல்லை.

அதனால் நாம் கேட்கிற கேள்வியை மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன். "என்ன செய்தீங்க?" என்று மட்டும் கேட்டால் வீரக்கதை வரும். இடம் வர வேண்டுமென்றால் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: தண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள்? ரயில் சத்தம் கேட்குமா? ஸ்டேசனிலிருந்து நடந்தே போனீர்களா, எவ்வளவு நேரம் ஆனது? காலைப் பெரட்டில் நின்றபோது வெயில் முகத்தில் அடித்ததா, முதுகில் அடித்ததா? கடைசிக் கேள்வியைக் கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்கள். ஆனால் திடல் எந்தத் திசையைப் பார்த்திருந்தது என்பது அந்தப் பதிலில் இருக்கிறது.

சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். முடிந்தால் காரில் கூட்டிப்போய் இடத்தைக் காட்டச் சொல்லி, வரைபடத்தில் குறித்து வையுங்கள். பழைய படம் இருந்தால், படத்தில் நிற்கிறவர்களின் பெயரைப் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். குடும்பப் புலனக் குழுவில் போட்டுவிட்டு மறந்துவிடாமல், ஒரு பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள். உலோகங்காட்டிக் கருவியை வாங்கிக்கொண்டு நீங்களே தோண்டக் கிளம்பாதீர்கள். பழைய குண்டு இன்றும் வெடிக்கும். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள். வரலாற்று மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தால், 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும். மாவட்ட அலுவலகத்திலேயே சொல்லலாம். அகழாய்வை அனுமதி பெற்ற ஆய்வாளர்கள்தான் செய்ய வேண்டும். எடுத்த இடம் தெரியாத பொத்தான், வெறும் பொத்தான்தான்.

எங்கே தோண்டுவது என்று அந்த ஆய்வாளர்கள் ஒருநாள் நம்மிடம் கேட்பார்கள். பள்ளி விடுமுறைக்குத் தோட்டத்துப் பக்கம் போகிறவர்கள், வீட்டில் பெரியவர் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, வெயில் எந்தப் பக்கம் அடித்தது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.