கல்லூரி ஆசிரியையும் ஆய்வும்

"பெண்ணுக்கு ஏற்றது ஆசிரியை வேலை, மாலையில் வீடு திரும்பிவிடலாம்" என்று நம் பெற்றோர் சொல்வதுண்டு. பல்கலைக்கழகப் பணியை அவ்வாறு எண்ணுவது சரியன்று. அங்கே வகுப்பு முடிந்த பின்னர்தான் ஆய்வு தொடங்குகிறது. ஆய்வு நின்றால் பதவி உயர்வும் நின்றுவிடும்.

தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளை எண்ணிப் பாருங்கள். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்தவர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். கோவையில் கரும்பை ஆராய்ந்தார். 1984இல் தமது 86ஆம் வயதில் மறையும்வரை, அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். அவர் மணம் புரியவில்லை. நம் அருட்சகோதரியருள்ளும் பட்டங்கள் பெற்றவர் பலர். மடத்தில் செபத்திற்கு மணி, உணவிற்கு மணி, படிப்பிற்கும் மணி உண்டு. குடும்பப் பெண்ணுக்கோ அடுப்படி மணி ஒன்றுதான்!

அப்படியானால், ஆய்வை விரும்புகிறவள் இல்லறத்தைத் துறக்கத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே என் கருத்து. முனைவர் பட்ட ஆய்வு மாணவியருக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும், ஆய்வை முடிக்கக் கூடுதலாக 2 ஆண்டுகளும் தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் விதி செய்தது. நம் மாணவியர் பலர் இதை அறியார்.

விதி விடுப்புத் தரும். வீடு தர வேண்டியது வேறு. மாமல்லபுரத்திலிருந்து பேருந்திலும் செங்கற்பட்டிலிருந்து ரயிலிலும் சென்னைக் கல்லூரிகளுக்குச் சென்று வருபவள் வீடு சேரும்போதே இருட்டிவிடுகிறது. மணம் பேசும்போது நகையையும் சம்பளத்தையும் பேசுகிற பெற்றோர், இரவில் இரண்டு மணி நேரம் அவள் படிக்கலாமா, அப்போது சமையலை யார் பார்ப்பது என்பதையும் பேசிவிடலாமே.