ரௌட்டரை அணைத்தால் பில் நிற்காது! வேண்டாத பிராட்பேண்டிலிருந்து வெளியே வருவது எப்படி?

“இன்ஸ்டலேஷன் ஃப்ரீ, ரௌட்டர் ஃப்ரீ, இன்னிக்கே கனெக்‌ஷன் கொடுத்துடுறோம் சார்!”

வீட்டுக்குள் பிராட்பேண்ட் வருவதற்கு ஒரே நாள் போதும். அதை வெளியே அனுப்புவதுதான் பெரும்பாடு.

வானூரில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மகளின் ஆன்லைன் வகுப்புக்காகப் புதுச்சேரியில் உள்ள ஒரு கடையில் சொல்லி எடுத்த போஸ்ட்பெய்டு இணைப்பு. படிப்பு முடிந்து மகள் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டாள். அப்பா, அம்மாவுக்கு மொபைல் டேட்டாவே மிச்சம். ரௌட்டரை அணைத்துப் பரணில் வைத்துவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து போன் வருகிறது. “மூணு மாச பில் பாக்கி. கட்டலைன்னா லீகல் நோட்டீஸ் வரும்.” பயன்படுத்தாத இணைப்புக்கு எதற்குப் பணம் என்று அப்பாவுக்குக் கோபம். ‘நோட்டீஸ்’ என்ற வார்த்தையைக் கேட்டு அம்மாவுக்குத் தூக்கம் போச்சு.

பல வீடுகளில் நடக்கும் தவறு இதுதான். ரௌட்டரை அணைப்பதோ, பணம் கட்டாமல் விடுவதோ இணைப்பை ரத்து செய்தது ஆகாது. ‘வேண்டாம்’ என்பதை எழுத்தில், தேதியோடு சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் பில்லைப் பாருங்கள்

ப்ரீபெய்டு என்றால் கவலை குறைவு. ரீசார்ஜ் செய்யாவிட்டால் இணைப்பு நின்றுவிடும். ரௌட்டரையும் டெபாசிட்டையும் மட்டும் கணக்குத் தீர்க்க வேண்டும். போஸ்ட்பெய்டு என்றால் நீங்கள் நிறுத்தச் சொல்லும்வரை பில் ஓடிக்கொண்டே இருக்கும்.

குறைந்தபட்சம் இத்தனை மாதம் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். இலவச இன்ஸ்டலேஷனுக்குப் பதிலாக ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஒப்புக்கொண்டிருந்தால், நடுவில் விலகும்போது அந்தச் செலவைக் கேட்பார்கள். அதை முதலிலேயே சொல்லியிருந்தார்களா என்பதுதான் கேள்வி. விண்ணப்பம், எஸ்.எம்.எஸ், மின்னஞ்சல் எதிலும் இல்லாத கட்டணத்தைக் கடைசி நாளில் நீட்டினால், எதன் அடிப்படையில் என்று எழுத்தில் கேளுங்கள்.

மொபைல் நம்பரைப் போல பிராட்பேண்டை வேறு நிறுவனத்துக்கு ‘போர்ட்’ செய்ய முடியாது. புது இணைப்பு எடுத்துவிட்டதால் பழையது தானாகப் போய்விடும் என்று நினைக்க வேண்டாம்.

எழுத்தில் சொல்லுங்கள்

கஸ்டமர் கேரில் பேசினால் “ஆஃபர் தர்றோம், ஒரு மாசம் பாருங்க” என்பார்கள். பேசுங்கள், தவறில்லை. ஆனால் அன்றே மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள். நான்கு வரி போதும்:

“என் வாடிக்கையாளர் எண் இது. இன்றைய தேதியிலிருந்து இணைப்பைத் துண்டிக்கவும். ரௌட்டரை எடுத்துச்செல்ல ஆள் அனுப்பவும். இறுதி பில்லையும், டெபாசிட் திரும்பக் கிடைக்கும் தேதியையும் தெரிவிக்கவும்.”

புகார் செய்ததும் ஒரு டாக்கெட் எண் தருவார்கள். அதைக் குறித்து வையுங்கள். ரௌட்டரைத் திருப்பித் தரும்போது ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். வருகிறவர் தெரிந்த பையனாகவே இருக்கட்டும், சீரியல் நம்பரோடு ஒரு போட்டோவாவது எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்ததும் ‘பாக்கி எதுவும் இல்லை’ என்று ஒரு மின்னஞ்சல் வாங்கிவிடுங்கள்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், துண்டிப்புக்கும் டெபாசிட்டுக்கும் கெடு வைத்திருக்கிறது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, இணைப்பு மூடப்பட்ட பிறகு 45 நாட்களுக்குள் டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டும்.

ஆட்டோபே இருக்கிறதா?

ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும். அந்தத் தகவல் வந்ததும் நிறுத்தும் வசதியும் இருக்கும். யூ.பி.ஐ ஆட்டோபேயை உங்கள் செயலியிலேயே ரத்து செய்யலாம். ஆனால் வரிசை முக்கியம்: ரத்துக் கடிதம் முதலில், ஆட்டோபே நிறுத்தம் அடுத்து.

இழுத்தடித்தால்?

நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் உண்டு. புகாருக்குரிய கெடு முடிந்தும் தீர்வு இல்லையென்றால், 30 நாட்களுக்குள் டாக்கெட் எண்ணோடு அவரிடம் முறையிடலாம். கட்டணம் கிடையாது. 39 நாட்களில் அவர் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கே எழுதலாமே என்று தோன்றும். தனிநபர் புகார்களை டிராய் விசாரிப்பதில்லை.

அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். ஊர் கேபிள்காரர் மூலம் சின்ன நிறுவனத்திடம் எடுத்த இணைப்புக்கும் இது உதவும்.

ரத்து செய்யும் வழியை மறைத்து வைப்பதும், வேண்டுமென்றே சிக்கலாக்குவதும் ‘சந்தா பொறி’. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் தடை செய்திருக்கும் 13 வகை ஏமாற்று உத்திகளில் இதுவும் ஒன்று. செயலியில் சேரும் பட்டன் மட்டும் இருந்து விலகும் பட்டன் இல்லையென்றால், புகாரில் இதைக் குறிப்பிடுங்கள்.

கடைசிக் கதவு விழுப்புரத்தில்

தொலைபேசிப் பிரச்னைக்கு நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது என்று பலகாலம் சொல்லிவந்தார்கள். 2009-ல் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்புதான் காரணம். அதை மாற்றியது அகமதாபாத் வாடிக்கையாளர் ஒருவரின் வழக்கு. மாதம் சராசரியாக 555 ரூபாய் கட்டியவருக்கு, ஒரு மாதம் 24,609 ரூபாய்க்கு மொபைல் பில் வந்தது. 2014-ல் அவர் மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். அந்த மன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று வோடஃபோன் ஐடியா உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தொலைத்தொடர்பு சேவைக்கும் நுகர்வோர் மன்றத்தை அணுகலாம் என்று 2022 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இணைப்பு எடுத்தது புதுச்சேரியில் என்பதால் அங்கேதான் வழக்குப் போட வேண்டுமா? வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊருக்கான ஆணையத்திலேயே புகார் தரலாம். வானூர்க்காரர்களுக்கு அது விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ருதி இணையதளம் மூலம் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். பிரச்னை தொடங்கிய நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

அந்த வானூர் வீட்டுக்கும் நேரம் கடந்துவிடவில்லை. வக்கீல் நோட்டீஸ் என்பது நீதிமன்ற உத்தரவு அல்ல. அதற்காகக் குப்பையில் போடவும் வேண்டாம். இன்றே ரத்துக் கடிதம் அனுப்பி, அந்த மூன்று மாதங்களில் இணைப்பைப் பயன்படுத்தவே இல்லை என்று எழுதி, பில்லைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். பேசித் தீர்வது எவ்வளவு என்பது பிறகு தெரியும். நாலாவது மாத பில் ஏறாமல் நிறுத்துவது இன்றைக்கே முடியும்.