பழைய காரின் பெல்ட்டை நீங்களே மாற்றலாம்

கார் ஓடிக்கொண்டிருக்கும்போது முகப்பில் பேட்டரி வடிவச் சிவப்பு விளக்கு எரிகிறது. நம்மில் பலர் என்ன செய்வோம்? "பேட்டரி பலவீனமாகிவிட்டது போல, வீடு போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தொடர்ந்து ஓட்டுவோம். பழைய காரில் அந்த முடிவு எஞ்சினையே காவு வாங்கிவிடக் கூடும்.

அந்த விளக்கு பெரும்பாலும் பேட்டரியைக் குறை சொல்வதில்லை. பேட்டரிக்கு மின்னூட்டம் தரும் ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை என்றுதான் சொல்கிறது. அதற்குக் காரணம் பெல்ட் அறுந்ததாகவும் இருக்கலாம். பல பழைய கார்களில் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் அதே பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது. பம்பு நின்றால் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் ஓடாது. சில நிமிடங்களில் சூடு ஏறும். அலுமினியத்தால் ஆன சிலிண்டர் ஹெட் நெளியும், அதன் கேஸ்கெட் போகும். சில பத்து ரிங்கிட் ரப்பர் வளையத்துக்காக ஆயிரக்கணக்கான ரிங்கிட் செலவு. ஆகவே அந்த விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

பழைய புரோட்டோன் விரா, ஈஸ்வரா, பெரோடுவா கஞ்சில் போன்றவற்றை இன்னும் ஓட்டுகிறவர்கள், எஞ்சினுக்கு வெளியே ஓடும் இந்த பெல்ட்டுகளைத் தாங்களே பார்க்கவும் மாற்றவும் பழக வேண்டும் என்பது என் கருத்து. காசு மிச்சமாவது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், வேறு யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது. நம் நாட்டில் டாக்சி, லாரி, பேருந்துகளுக்குக் குறித்த காலத்தில் பரிசோதனை உண்டு. சொந்தக் காருக்கு அப்படியில்லை. காப்புறுதி எடுத்துச் சாலை வரி கட்டினால் இன்னும் ஓராண்டு ஓட்டலாம். தீபாவளிக்கு வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் பிள்ளைகளோடு ஊருக்குப் போகும் முப்பது வயதுக் காருக்கு, ஓட்டுநரே பரிசோதகர்.

பெல்ட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், அதைக் கெடுக்கும் வழிகளும் தெரிந்துவிடும். படகுத் துறையில் கயிற்றைத் தூணில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, ஒரு முனையை ஒருவர் லேசாகப் பிடித்திருப்பார். மறுமுனையில் படகு இழுத்தாலும் கயிறு நழுவாது. சுற்ற சுற்றப் பிடி கூடுவதில்லை, பெருகுகிறது. 18ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் இதைக் கணக்காக்கிவிட்டார். ஆனால் பெருகுவதற்கு அந்த லேசான பிடி இருந்தாக வேண்டும். அதை விட்டுவிட்டால், பூஜ்யத்தை எத்தனை முறை பெருக்கினாலும் பூஜ்யம்தான். காரில் அந்த லேசான பிடிக்குப் பெயர் இழுவிசை. தளர்ந்த பெல்ட் வழுக்குவது இதனால்தான். இன்னொன்று பெல்ட்டின் வடிவம். ஆப்பு போன்ற அதன் பக்கங்கள் கப்பியின் பள்ளத்தில் இறுகுவதால், தட்டையான பெல்ட்டைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பிடிப்பு கிடைக்கிறது. பிடிப்பது பக்கங்கள்தாம். பெல்ட் தேய்ந்து பள்ளத்தின் அடியைத் தொட்டுவிட்டால் அந்த ஆப்பு போய்விடும்.

இந்த ரப்பர் நம் பாட்டன்மார் தோட்டத்தில் பால் வெட்டி எடுத்த ரப்பர் அல்ல. இயற்கை ரப்பர் மூலக்கூறின் முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. காற்றிலுள்ள ஓசோன் அவற்றைத்தான் வெட்டுகிறது. வெடிப்பு அப்படி வருகிறது. அடுத்து வந்தது நியோப்ரீன். அது மேலும் தாங்கியது, ஆனால் வயதானால் அதுவும் வெடிக்கும். இப்போதைய பெல்ட்டுகள் பெரும்பாலும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். அதன் முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்பே இல்லாததால் எளிதில் வெடிப்பதில்லை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "வெடிப்பு இருக்கிறதா பார், இல்லையென்றால் நல்ல பெல்ட்" என்று அந்தக் காலத்தில் சொல்லிக்கொடுத்தது நியோப்ரீனுக்குச் சரி. இபிடிஎம் பெல்ட் காலணியின் அடிபோலத் தேய்கிறது. மேலிருந்து பார்த்தால் புதிதுபோலத் தெரியும், ஆனால் வரிகளுக்கு இடையிலான பள்ளம் அகன்று ஆழமாகியிருக்கும். புதிய பெல்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். பக்கங்கள் கண்ணாடிபோலப் பளபளத்தாலும், நூல் பிரிந்தாலும் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். எண்ணெய்க் கசிவையும் பாருங்கள். ஓசோனைத் தாங்கும் இபிடிஎம், எஞ்சின் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். வால்வ் கவர் கேஸ்கெட் கசியும் காரில் அதைச் சரிசெய்யாமல் பெல்ட்டை மட்டும் மாற்றுவது, கூரை ஒழுகும் வீட்டில் பாய் மாற்றுவதுபோல.

காலையில் கிரீச்சிட்டால் சோப்பைத் தேய்ப்பதும், ஒட்டும் ஸ்பிரே அடிப்பதும் எனக்கு உடன்பாடில்லை. சத்தத்தை அடக்குவதால் நோய் தீராது. அதற்குப் பதில், ஓடும் பெல்ட்டின் வரிப்பக்கத்தில் சற்றுத் தள்ளி நின்று கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சிப் பாருங்கள். சத்தம் கூடினால் இழுவிசை போதவில்லை. சில விநாடி அடங்கி மறுபடி வந்தால், கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. அப்போது புதிய பெல்ட்டும் கத்தும்.

இனி வேலை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், சாவி வெளியே இருக்க வேண்டும். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுங்கள். பல கார்களில் ரேடியேட்டர் விசிறி எஞ்சின் நின்ற பிறகும் தானாகச் சுழலும், விரல் போகும். கீழிருந்துதான் எட்டுகிறது என்றால் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். கழற்றுவதற்கு முன் பெல்ட் ஓடும் பாதையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டின் முதுகில் எண் இருக்கும். 4பிகே875 என்றால் நான்கு வரி, 875 மில்லிமீட்டர் நீளம். பழைய பெல்ட்டையே உதிரிப்பாகக் கடைக்கு எடுத்துப் போவது இன்னும் நல்லது.

ஆல்டர்னேட்டரின் அச்சு போல்ட், பூட்டு போல்ட் இரண்டையும் தளர்த்திவிட்டு, சரிசெய்யும் போல்ட்டைத் திருப்பினால் பெல்ட் தொய்ந்து கையோடு வரும். ஸ்குரு டிரைவரால் நெம்பி எடுக்காதீர்கள், மாட்டும்போதும் நெம்பாதீர்கள். உள்ளே இருக்கும் இழைகள் அறுந்தால் வெளியில் தெரியாது. பெல்ட் இல்லாத அந்த ஐந்து நிமிடம் பொன்னானது. கப்பி ஒவ்வொன்றையும் கையால் சுற்றுங்கள், ஆட்டிப் பாருங்கள். கரகரத்தாலோ ஆடினாலோ பேரிங் போகிறது. பெல்ட் அடிக்கடி போவதன் காரணம் அங்கேயே கிடைக்கலாம்.

மாட்டிய பிறகு, நீண்ட பகுதியின் நடுவில் கட்டைவிரலால் ஏறக்குறைய 10 கிலோ விசையில் அழுத்துங்கள். பெரும்பாலான பழைய கார்களில் ஒரு சென்டிமீட்டர் அளவில் அமுங்கும். சரியான அளவைக் கையேட்டில் பாருங்கள். "இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நல்லதுதானே" என்ற நினைப்பே வேண்டாம். அதிக இறுக்கத்தில் பெல்ட் பிழைத்துக்கொள்ளும், ஆனால் தண்ணீர்ப் பம்பின் பேரிங்கும் ஆல்டர்னேட்டரின் பேரிங்கும் தேயும்.

எல்லை ஒன்று உண்டு. மூடிக்குள் ஓடும் பல் வைத்த டைமிங் பெல்ட்டைத் தொடாதீர்கள். அது ஒரு பல் தவறினாலும் எஞ்சின் ஒழுங்காக ஓடாது, பல எஞ்சின்களில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிவிடும். அந்த வேலையைப் பட்டறைக்குக் கொடுங்கள். நாமே பெல்ட் மாற்றினால் பட்டறைக்காரர் பிழைப்பு என்னாவது என்று கேட்பவர்களுக்கும் பதில் அதுதான். நிபுணர் கை வேண்டிய வேலை பழைய காரில் குறையாது. மாறாக, "உள்ளே பெல்ட் எப்போது மாற்றியது, தண்ணீர்ப் பம்பையும் சேர்த்தே மாற்றலாமா?" என்று கேட்கத் தெரிந்த வாடிக்கையாளரிடம் பேசுவது நல்ல மெக்கானிக்குக்கும் சுலபம்.

புதிய பெல்ட் முதல் சில நாளில் பள்ளத்தில் படிந்து சற்றுத் தளரும். ஒரு வாரம் ஓட்டியபின், எஞ்சின் ஆறிய காலையில் மறுபடி அழுத்திப் பாருங்கள். அதுவரை அந்த ஸ்பேனர் காரின் பின்பெட்டியிலேயே இருக்கட்டும்.