கடிகாரம் அளக்கும் உயரம்

ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே, ரைன் ஆற்றின் கரையிலுள்ள லாஃபன்பர்க்கில் ஒரு பாலம் கட்டப்பட்டது. உயரத்தை அளக்க ஜெர்மானியர் வடகடலின் மட்டத்தையும் சுவிஸ் நாட்டினர் மத்தியதரைக் கடலின் மட்டத்தையும் அடிப்படையாகக் கொண்டிருந்தனர். இரண்டுக்கும் 27 செ.மீ. வேறுபாடு உண்டென்பதைப் பொறியாளர்கள் அறிந்தே இருந்தனர். ஆனால், அதனைத் தவறான திசையில் ஈடுசெய்துவிட்டனர். 2003இல் பார்த்தபோது இருபுறமும் 54 செ.மீ. ஏறியிறங்கி நின்றன!

தவறியது கணக்கே, எனினும், நாட்டுக்கு நாடு உயரத்தின் தொடக்கம் வேறுபடுவதே அத்தவற்றுக்கு இடமளித்தது. பொதுவான தொடக்கத்தை நிறுவ ஒளியணுக் கடிகாரங்கள் பெரிதும் உதவும் என்பதே என் கருத்து.

கடிகாரத்துக்கும் உயரத்துக்கும் என்ன தொடர்பு? மலையுச்சியைவிட அடிவாரத்தில் காலம் மெதுவாகச் செல்கிறது என்பது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு தரும் முடிவு. ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு உண்டாகும் மாற்றம், நூறு கோடியை நூறு கோடியால் பெருக்கி வரும் எண்ணில் ஏறத்தாழ ஒரு பங்கு. ஊசலாட்டத்தை எண்ணும் கடிகாரம் இதனை எங்ஙனம் உணரும்? ஸ்ட்ரான்சியம் அணுவோடு இசையும் செந்நிற லேசர் ஒளியோ நொடிக்கு ஏறத்தாழ 429 இலட்சம் கோடி முறை அலைகிறது. கோடுகள் நெருங்கிய அளவுகோல் நுட்பமாக அளப்பதுபோல், இவ்வலைகளை எண்ணும் கடிகாரமும் நுட்பமாக அளக்கிறது. டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தின் அடியிலும் 450 மீட்டர் உயரத்திலும் இத்தகைய இரு கடிகாரங்களைக் கட்டோரி குழுவினர் வைத்தனர். மேலிருந்தது விரைந்தோடியது. 2020இல் அம்முடிவு வெளியாயிற்று.

'செயற்கைக்கோள்கள் இருக்க, இச்செலவு எதற்கு?' என்பர் சிலர். 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் இணைக்கோள்கள், தமக்கிடையே இருந்த ஏறத்தாழ 220 கி.மீ. இடைவெளியின் நுண்ணிய மாற்றங்களைக் கொண்டே புவியீர்ப்பை அளந்தன. வடமேற்கு இந்தியாவில் நிலத்தடி நீர் வற்றுவதையும் காட்டின. அது பெருந்தொண்டு. ஆயினும், சில நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பின் நுணுக்கங்கள் அவற்றின் பார்வைக்கு மங்கிவிடும். கடிகாரமோ தான் நிற்கும் புள்ளியின் ஈர்ப்பாற்றலைச் சொல்லும்; பரந்த நிலத்தை அறியாது. கோளின் வரைபடத்தைத் தரையில் சரிபார்க்க அப்புள்ளிகள் வேண்டும்.

கிணற்று நீர் குறைவதைக் கடிகாரம் இன்றே காட்டிவிடும் என்பது மிகை. அதற்கு இன்னும் நுட்பம் வேண்டும். நாடுகளின் உயரக் கணக்குகளை இணைக்கும் பணியை இப்போதே தொடங்கலாம். கடல்மட்டம் அளக்கும் துறைமுக நிலையங்களில் இக்கடிகாரங்களை நிறுவி, கண்ணாடியிழை வடங்களால் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுவதே அதன் முதற்படி.