கோல்கீப்பருக்கு எத்தனை மார்க்?

சென்னையில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கியின் கடைசி வாரம், புள்ளிக் கணக்கை நம்பி அணி சேர்ப்பவர்களுக்கு நல்ல பாடம்

2025 நவம்பர் 29ஆம் தேதி இரவு, கற்பனை ஹாக்கி அணி ஒன்றைச் சேர்த்து அதற்குத் தில்ராஜ் சிங்கைக் கேப்டனாகப் போட்டிருந்த ரசிகர் யாராவது இருந்தால், அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அன்று ஓமனுக்கு எதிராக இந்திய ஜூனியர் அணி அடித்தது 17 கோல். அதில் நான்கு தில்ராஜின் கணக்கு. முந்தின நாள் சிலியை 7-0 என்று தோற்கடித்தபோது அவர் அடித்தது இரண்டு. இரண்டே நாளில் ஆறு கோல்.

பதினோரு நாள் கழித்து, டிசம்பர் 10ஆம் தேதி இரவு, அதே ரசிகர் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார். காலிறுதி, அரையிறுதி, வெண்கலப் போட்டி மூன்றிலும் ஆட்ட நேரத்தில் தில்ராஜின் பெயரில் ஒரு கோல்கூட இல்லை. ஆனால் இந்திய வீரர்களின் கழுத்தில் வெண்கலப் பதக்கம் தொங்கியது. கணக்கு எங்கே பிசகியது?

கற்பனை அணி ஆட்டத்தின் விதி எளிது. நிஜமான போட்டி தொடங்குமுன் இரு தரப்பிலிருந்தும் பிடித்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கி அவரவர் ஓர் அணி சேர்த்துக்கொள்ள வேண்டும். மைதானத்தில் அவர்கள் செய்வதற்கு ஏற்ப வீட்டில் இருப்பவருக்குப் புள்ளிகள் சேரும். கேப்டனாகக் குறித்தவருக்குப் பெரும்பாலும் இரட்டைப் புள்ளி. 1980இல் பத்திரிகையாளர் டேனியல் ஓக்ரென்டும் அவரது நண்பர்களும் நியூயார்க் உணவகம் ஒன்றில் பேஸ்பாலுக்காக ஆரம்பித்த பொழுதுபோக்கு இது. இந்தியாவில் 2008இல் தொடங்கப்பட்ட டிரீம்11 போன்ற கம்பெனிகள் மூலம் கிரிக்கெட்டில் வேரூன்றி, கபடி, கால்பந்து, ஹாக்கி வரை பரவியது. பணம் கட்டி ஆடும் ஆட்டமாகவும் வளர்ந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை போட்டதும், பெரிய கம்பெனிகள் பணப் போட்டிகளை நிறுத்திக்கொண்டன.

பணம் போனாலும் பழக்கம் போகவில்லை. டீக்கடையிலும் ஹாஸ்டலிலும் யார் பெரிய ஆட்டக்காரர் என்ற விவாதம் இன்றும் கோல் எண்ணிக்கையில்தான் தொடங்குகிறது. கோல் அடித்தவருக்கு நிறைய, பந்தைக் கொடுத்தவருக்குக் கொஞ்சம், தடுத்தவருக்கு இன்னும் கொஞ்சம் என்பதுதான் அந்தக் கணக்கின் தர்மம். சென்னையில் நடந்த அந்தக் கடைசி வாரம் இதைத்தான் தலைகீழாகப் புரட்டியது.

சுலபமான முதல் பாதி

முதன்முறையாக 24 அணிகள் கலந்துகொண்ட இந்த உலகக் கோப்பையைத் தமிழ்நாடு சென்னையிலும் மதுரையிலுமாக நடத்தியது. சென்னையில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம். மதுரையில் இதற்கென்றே கட்டிய புது ஸ்டேடியம். ரசிகர்களுக்கு அனுமதி இலவசம். மதுரைக்கு ஹாக்கி உலகக் கோப்பை வந்தது இதுவே முதல் முறை. இடுக்கி மலையில் ஏலப்பாறை, வண்டிப்பெரியாறு பக்கம் உள்ள தோட்டத் தமிழர்களுக்குக் குமுளி, தேனி வழியே இறங்கினால் எட்டுகிற பெருநகரம் அது.

இந்தியாவின் பிரிவில் இருந்திருக்க வேண்டிய பாகிஸ்தான் போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. அந்த இடத்துக்கு ஓமன் வந்தது. பிரிவின் கடைசி ஆட்டம் டிசம்பர் 2ஆம் தேதி மதுரையில். சுவிட்சர்லாந்தை இந்தியா 5-0 என்று வென்றது. மன்மீத் சிங்கும் ஷாரதா நந்த் திவாரியும் தலா இரண்டு, அர்ஷ்தீப் சிங் ஒன்று.

மூன்று ஆட்டங்களில் அடித்தது 29 கோல், வாங்கியது பூஜ்யம். கற்பனை அணிக்காரர்கள் இந்திய ஃபார்வர்டுகளை மொத்தமாக வாரிக்கொள்ள இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. இந்த மூன்று ஆட்டங்களில் அதிக வேலை இல்லாமல் நின்றவர்கள் இந்திய கோல்கீப்பர்கள். வேலை இல்லாதவரை யார் அணியில் எடுப்பார்கள்?

எட்டு விநாடி பரீட்சை

டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. சென்னையில் காலிறுதி. எதிரே பெல்ஜியம். 13ஆவது நிமிடத்தில் பெல்ஜியம் முதல் கோலை அடித்தது. 29 கோல் அடித்த அணிக்கு ஒரு கோல் அடிக்க 45ஆவது நிமிடம் வரை பிடித்தது. கேப்டன் ரோஹித் பெனால்ட்டி கார்னரில் சமன் செய்தார். மூன்று நிமிடத்தில் திவாரி இன்னொன்று. 2-1. எழும்பூர் ஆர்ப்பரித்தது. 59ஆவது நிமிடத்தில் பெல்ஜியம் பதில் சொன்னது. 2-2. ஷூட் அவுட்.

ஹாக்கி ஷூட் அவுட் என்பது கால்பந்துப் பெனால்ட்டி மாதிரி ஒரே உதையில் முடிகிற காரியமல்ல. 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தை உருட்டிக்கொண்டு ஒருவர் தனியாக வருவார். எதிரே கோல்கீப்பர் மட்டும். நேரம் எட்டு விநாடி. கோல்கீப்பர் முன்னே ஓடிவந்து கோணத்தைக் குறுக்கலாம், பொறுமையாக நின்று எதிராளியின் நேரத்தைத் தின்னலாம். அவசரப்பட்டுக் காலை வாரினால் பெனால்ட்டி ஸ்ட்ரோக்.

அந்தப் பரீட்சையில் இந்திய கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் பெல்ஜியத்தின் முயற்சிகளை மறித்து நின்றார். இந்தியத் தரப்பில் திவாரி மூன்று முறையும் அங்கித் பால் ஒரு முறையும் பந்தை உள்ளே அனுப்பினார்கள். 4-3. இந்தியா அரையிறுதியில்.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, அதே பிரின்ஸ்தீப்பின் வலைக்குள் ஜெர்மனி ஐந்து கோல் போட்டது. 51ஆவது நிமிடத்தில் அன்மோல் எக்கா அடித்த ஒன்று மட்டுமே இந்தியாவுக்கு ஆறுதல். 1-5. கணக்குப் புத்தகத்தில் வெள்ளிக்கிழமை ஹீரோ, ஞாயிற்றுக்கிழமை மைனஸ். ஃபார்வர்டு தவறவிடுகிற வாய்ப்பு மறுநாளே மறந்துபோகும். கோல்கீப்பர் தவறவிடுவது மட்டும் ஸ்கோர் போர்டில் எழுதப்படுகிறது.

கடைசிப் பன்னிரண்டு நிமிடம்

டிசம்பர் 10, புதன்கிழமை. வெண்கலத்துக்காக அர்ஜென்டினாவுடன் ஆட்டம். மூன்றாவது நிமிடத்திலேயே அர்ஜென்டினா முன்னிலை. 44ஆவது நிமிடத்தில் இரண்டாவது கோல். கால்வாசி ஆட்டமே மிச்சம் இருந்தபோது 0-2. 2021இல் புவனேஸ்வரத்தில் பிரான்சிடமும் 2023இல் கோலாலம்பூரில் ஸ்பெயினிடமும் இதே வெண்கலப் போட்டியில் தோற்று நான்காவது இடத்தோடு திரும்பிய ஞாபகம் ஸ்டேடியத்தில் பலருக்கு வந்திருக்கும்.

அப்புறம் நடந்தது அதிரடி. 49ஆவது நிமிடத்தில் அங்கித் பால். 52இல் மன்மீத் சிங். 57இல் திவாரி, பெனால்ட்டி ஸ்ட்ரோக்கில். 58இல் அன்மோல் எக்கா. பத்து நிமிட இடைவெளிக்குள் நான்கு கோல். 4-2. 2016இல் லக்னோவில் கோப்பை வென்றபின் ஒன்பது ஆண்டு கழித்து இந்திய ஜூனியர்களுக்கு ஒரு பதக்கம்.

நான்கு கோலும் பெனால்ட்டி கார்னர், ஸ்ட்ரோக் வழியே வந்தவை. இங்கேதான் கணக்கின் இன்னொரு ஓட்டை தெரிகிறது. பெனால்ட்டி கார்னரில் ஒருவர் கோட்டிலிருந்து பந்தைத் தள்ள வேண்டும், ஒருவர் அதை வட்டத்தின் விளிம்பில் பிசகாமல் நிறுத்த வேண்டும், பிறகுதான் ஒருவர் அடிப்பார். அதற்கெல்லாம் முன்னால், யாரோ ஒரு ஃபார்வர்டு பந்தோடு வட்டத்துக்குள் புகுந்து, எதிரணி டிஃபெண்டரைத் தவறு செய்ய வைத்திருக்க வேண்டும். ஸ்கோர் போர்டில் கடைசி ஆளின் பெயர் மட்டுமே வருகிறது. நாக்அவுட்டில் கோல் அடிக்காத தில்ராஜையும் மற்ற ஃபார்வர்டுகளையும் தோற்றவர்கள் என்று சொல்லிவிட முடியாததற்கு இதுவே காரணம்.

முதல் மூன்று ஆட்டத்தில் 29-0. கடைசி மூன்று ஆட்டத்தில் அடித்தது ஏழு, வாங்கியது ஒன்பது. புள்ளிக்கணக்குப்படி இரண்டாவது அணி மட்டம். பதக்கம் வாங்கியது அந்த இரண்டாவது அணிதான்.

வலைக்கு முன்னால் நின்ற பயிற்சியாளர்

அப்போது இந்த அணியின் பயிற்சியாளராக இருந்தவர் பி.ஆர். ஸ்ரீஜேஷ். எர்ணாகுளம் மாவட்டத்தில் கிழக்கம்பலம் கிராமத்துக்காரர். திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் ஹாக்கிக்கு வந்து கோல்கீப்பரானவர். கோல்கீப்பருக்கு வேண்டிய காலுறைக் கவசம் வாங்க அவருடைய விவசாயித் தந்தை வீட்டுப் பசுவை விற்ற கதை கேரளத்தில் எல்லோருக்கும் தெரிந்தது.

2021 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவில் ஒலிம்பிக் வெண்கலப் போட்டி. ஜெர்மனிக்கு எதிராக இந்தியா 5-4. ஆட்டம் முடிய ஆறு விநாடி இருக்கையில் ஜெர்மனிக்கு ஒரு பெனால்ட்டி கார்னர். ஸ்ரீஜேஷ் தடுத்தார். 1980 மாஸ்கோ தங்கத்துக்குப் பின் 41 ஆண்டுப் பதக்கப் பஞ்சம் தீர்ந்தது. அன்றைய கணக்கை மட்டும் பார்த்தால் அவர் நான்கு கோல் வாங்கிய கோல்கீப்பர். மூன்று வருடம் கழித்து பாரிஸில் பிரிட்டனுடன் காலிறுதி. 17ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, மீதி ஆட்டம் முழுக்க இந்தியா பத்துப் பேரோடு ஆடியது. 1-1. ஷூட் அவுட்டில் 4-2. மறுபடியும் வெண்கலம், ஸ்ரீஜேஷ் அதோடு ஓய்வு பெற்றார். ஹாக்கி இந்தியா அமைப்பு சீனியர் அணியில் அவருடைய 16ஆம் எண் சட்டைக்கும் ஓய்வு கொடுத்தது.

அவருக்கு முன் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய ஒரே மலையாளி கண்ணூரைச் சேர்ந்த மானுவல் ஃபிரெடரிக். 1972 மியூனிக், வெண்கலம். அவரும் கோல்கீப்பர். ஜூனியர் உலகக் கோப்பைக்குச் சில வாரம் முன், 2025 அக்டோபர் 31 அன்று பெங்களூரில் காலமானார்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. மாஸ்கோ தங்க அணியின் கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன் தமிழ்நாட்டுக்காரர். கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர் போன ஊர். அங்கிருந்து மாரீஸ்வரன், அரியலூரிலிருந்து கார்த்தி என்று 2022இல் இருவர் சீனியர் இந்தியாவுக்கு ஆடினார்கள். ஆனால் சொந்த மண்ணில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையின் 18 பேரில் ஒரு தமிழ்நாட்டு இளைஞர் இல்லை. ஸ்டேடியம் கட்டியாகிவிட்டது. வாசலையும் இலவசமாகத் திறந்தாகிவிட்டது. இனி அந்தப் பச்சைத் தரையில் தினமும் ஓடப்போகும் பையன்கள் யார் என்பதுதான் கேள்வி.

இறுதியாட்டத்திலும் அதே தீர்ப்பு. ஜெர்மனியும் ஸ்பெயினும் 1-1. ஷூட் அவுட்டில் ஜெர்மனி 3-2. நடுவே நின்று ஸ்பெயினை மறித்தவர் கோல்கீப்பர் யாஸ்பர் டிட்ஸர். காலிறுதியில் பிரான்சை ஜெர்மனி கடந்ததும் ஷூட் அவுட்டில்தான். ஆக, தங்கம் வென்ற அணியும் வெண்கலம் வென்ற அணியும் ஒரு கட்டத்தில் தங்கள் கோல்கீப்பரை மட்டும் நம்பி நின்ற அணிகள்.

அடுத்த முறை கற்பனை அணி சேர்க்கிறவர் பதினோரு பெயரில் கடைசிப் பெயராகக் கோல்கீப்பரை எழுதுவதை நிறுத்தி, முதல் பெயராக எழுதிப் பார்க்கலாம். புள்ளி குறைந்தாலும் ஆட்டம் புரியும்.

வாரத்தின் முடிவுகள் (இந்தியா, டிசம்பர் 2025)

டிசம்பர் 2: சுவிட்சர்லாந்துடன் 5-0, வெற்றி
டிசம்பர் 5, காலிறுதி: பெல்ஜியத்துடன் 2-2, ஷூட் அவுட்டில் 4-3 வெற்றி
டிசம்பர் 7, அரையிறுதி: ஜெர்மனியுடன் 1-5, தோல்வி
டிசம்பர் 10, வெண்கலப் போட்டி: அர்ஜென்டினாவுடன் 4-2, வெற்றி
டிசம்பர் 10, இறுதியாட்டம்: ஜெர்மனி, ஸ்பெயின் 1-1; ஷூட் அவுட்டில் ஜெர்மனி 3-2