ஏப்ரலில் பாடம், ஜூனில் அடுப்பு!

குற்றாலம் கடைக்காரர்களுக்குத் தீயணைப்புப் பயிற்சி பலிக்க வழி என்ன?

தென்காசி,

சாரல் விழுந்தால் போதும். குற்றாலத்தில் கடைகள் முளைத்துவிடும். மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று எங்கு பார்த்தாலும் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி. பக்கத்திலேயே கியாஸ் சிலிண்டர். தலைக்கு மேல் கீற்று அல்லது தார்ப்பாய்.

இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2023 ஆகஸ்டு மாதம் ஊரே பார்த்தது. மெயினருவி பக்கம் தற்காலிகக் கடைகளில் தீப்பிடித்தது. சிலிண்டர்கள் வெடித்தன. கடைகள் வரிசையாகச் சாம்பலாயின.

தீயணைப்புத் துறை பயிற்சி கொடுக்காமல் இல்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14-ந்தேதி பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது உயிர்விட்ட 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாக நடப்பது. அந்த வாரத்தில் ஊர் ஊராகச் செயல்விளக்கம் உண்டு.

சிக்கல் அங்கேதான்! குற்றாலத்தில் சீசன் தொடங்குவதோ ஜூனில். ஏப்ரலில் பாடம் கேட்டவர் ஒருவர். ஜூனில் வந்து அடுப்பு பற்றவைக்கும் மாஸ்டர் வேறொருவர்.

"எல்லாம் தெரியும் அண்ணாச்சி!"

பெரியவர்களுக்குப் பாடம் நடத்துவது பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்துவது போல் அல்ல. "இருபது வருசமா அடுப்படியிலதான் நிக்கேன். எனக்குத் தெரியாததா?" என்பார் ஒருவர். "யாவாரம் கெடுது, சீக்கிரம் முடிங்க சார்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் கிண்டல் செய்து கூட்டத்தையே சிரிக்க வைப்பார்.

அவர்களை அதட்டினால் வகுப்பு கலைந்துவிடும். விவரம் தெரிந்த பயிற்சியாளர் அந்த இருபது வருட மாஸ்டரையே முன்னால் அழைப்பார். "அண்ணாச்சி, சட்டி எண்ணெய் பத்திக்கிட்டா முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்பார்.

பலர் வாயில் வரும் பதில், "தண்ணி ஊத்துவோம்!"

தண்ணீர் ஊற்றினால்?

தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கும். அந்தச் சூட்டில் ஒரு பங்கு தண்ணீர் சுமார் 1,700 பங்கு நீராவியாக விரியும். எரியும் எண்ணெயைக் கூரைக்கே தூக்கி அடிக்கும்.

செய்ய வேண்டியது இரண்டே வேலை. அடுப்பை அணைக்க வேண்டும்; சட்டியைத் தட்டால் மூட வேண்டும். சிலிண்டர் குழாயில் தீ என்றால் நனைந்த சாக்கைப் போர்த்தி, ரெகுலேட்டரை மூட வேண்டும்.

சொன்னால் தலையாட்டுவார்கள். ஆனால் ஆபத்து நேரத்தில் பழகிய கைதான் ஓடும். தீயணைப்பான் சிலிண்டரின் பின்னை உருவி, தீயின் அடிப்பாகத்தில் அடித்துப் பழகாதவர், பதற்றத்தில் மேலே எரியும் சுவாலையில் அடிப்பார். சிறிய சிலிண்டர் சில விநாடிகளில் தீர்ந்துவிடும். அப்புறம்?

ஆகவே ஒருவர் செய்ய நாற்பது பேர் வேடிக்கை பார்ப்பது பயிற்சி ஆகாது. பத்துப் பேர் வந்தாலும் பத்துப் பேரும் ஒரு தடவை தீயை அணைத்துவிட்டுப் போக வேண்டும்.

பின்வரிசையில் பெண்கள்

இன்னொன்று. கூட்டத்தில் முதலாளி முன்னால் நிற்பார். பஜ்ஜி போடும் அம்மா கூச்சப்பட்டுப் பின்னால் நிற்பார். தீப்பிடித்தால் முதலில் எதிரே நிற்கப் போவது அவர்தான்! "வாங்கக்கா, நீங்க முதல்ல பிடிங்க" என்று சாக்கை அவர் கையில் கொடுக்க வேண்டும்.

எப்போது நடத்தலாம்?

ஜூன் முதல் வாரத்தில் ஒரு தடவை. அய்யப்ப பக்தர்கள் கூட்டம் தொடங்கும் கார்த்திகையில் மறுபடி ஒரு தடவை. காலையில் கடை சூடு பிடிக்கும் முன் அரைமணி நேரம், கடை வாசலிலேயே நடத்தினால் யாவாரமும் கெடாது. கடைக்கு அனுமதி கொடுக்கும்போதே, "அடுப்படியில் நிற்பவர் பயிற்சி பெற்றவரா?" என்று கேட்டால் முதலாளிகளும் ஆளை அனுப்புவார்கள்.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ந்தேதி சமையல் கூடத்தில் பிடித்த தீ, கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அடுப்புக்கும் கூரைக்கும் நடுவே இருப்பது சில நிமிடம்தான்.

101-க்குப் போன் செய்து வண்டி வருவதற்குள், அந்தச் சில நிமிடத்தில் அடுப்படியில் நிற்பவர்தான் தீயணைப்பு வீரர். அவருக்கு ஒரு அரைமணி நேரம் ஒதுக்கக் கூடாதா?