நேசமணியும் வாட்சனின் காயமும்

2019 மே மாதக் கடைசி வாரம். நரேந்திர மோடி இரண்டாம் முறை பிரதமராகப் பதவியேற்கத் தயாராகிக்கொண்டிருந்தார். தமிழ் ட்விட்டரோ ஒரு பெயின்டிங் கான்ட்ராக்டருக்காகப் பிரார்த்தனையில் இருந்தது. பொறியியல் சார்ந்த ஃபேஸ்புக் பக்கம் ஒன்று சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தது. பெயரைச் சொன்ன தமிழர் ஒருவர், இது விழுந்துதான் நேசமணிக்குத் தலையில் அடிபட்டது என்றும் சேர்த்துவிட்டார். அவ்வளவுதான். நலம் விசாரிப்புகள், போலி மருத்துவ அறிக்கைகள், கண்ணீர்ப் பதிவுகள். 2001-இல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியாக வந்த வடிவேலுவின் தலையில் விழுந்த சுத்தியல், 18 ஆண்டுகள் கழித்து உலக ட்ரெண்டிங் பட்டியலில் ஏறியது.

இதை வெட்டி அரட்டை என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் இந்த விளையாட்டுக்கு நூறாண்டு கடந்த வரலாறும் கறாரான ஒரு விதியும் உண்டு: கற்பனையை நிஜமாக எடுத்துக்கொள்ள வேண்டும், சிரித்துவிடக் கூடாது.

1911-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரொனால்ட் நாக்ஸ் என்ற இளம் அறிஞர் ஷெர்லாக் ஹோம்ஸ் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். விவிலிய ஆய்வாளர்களின் பாணியை நையாண்டி செய்வதே நோக்கம். அதற்குத் தோதாக ஹோம்ஸ் கதைகளில் முரண்கள் கொட்டிக் கிடந்தன. வாட்சனின் போர்க்காயம் முதல் நாவலில் தோளில் இருக்கிறது, இரண்டாவதில் காலுக்கு இறங்கிவிடுகிறது. ஜான் வாட்சனை அவர் மனைவியே ஒரு கதையில் ‘ஜேம்ஸ்’ என்கிறார். கானன் டாயில் அவசரத்தில் மறந்துவிட்டார் என்றால் விஷயம் முடிந்தது. ரசிகர்கள் முடிக்க விடுவார்களா? ஜான் எச். வாட்சனின் ‘எச்’ ‘ஹேமிஷ்’ஆக இருக்க வேண்டும், ஜேம்ஸின் ஸ்காட்லாந்து வடிவம் அதுதானே என்று துப்பறியும் நாவலாசிரியர் டோரதி சேயர்ஸ் விளக்கம் கண்டுபிடித்தார். 2012-இல் பிபிசியின் ‘ஷெர்லாக்’ தொடரில் வாட்சன் தன் முழுப்பெயரை ஜான் ஹேமிஷ் வாட்சன் என்றே சொல்கிறார். ரசிகரின் குறும்பு கதைக்குள்ளேயே குடியேறிவிட்டது.

டக்ளஸ் ஆடம்ஸின் 42-உம் இதே ரகம். 1978-இல் பிபிசி வானொலியில் ஒலிபரப்பான அவருடைய அறிவியல் நகைச்சுவைத் தொடரில், வாழ்வின் இறுதிக் கேள்விக்கு ஒரு கணினி 75 லட்சம் ஆண்டுகள் யோசித்துச் சொல்லும் விடை அது. கேள்வி ‘ஆறு ஒன்பது எவ்வளவு’ என்று பின்னர் தெரியவர, 13-ஐ அடிமானமாகக் கொண்ட எண்முறையில் விடை சரிதான் என்று வாசகர்கள் நிறுவினார்கள். அப்படியெல்லாம் கணக்குப் போட்டு எழுதவில்லை, வெறும் நகைச்சுவைதான் என்று ஆடம்ஸ் சொல்லியும் யாரும் விட்டபாடில்லை.

தோள் காயம், ஓர் எண், ஒரு சுத்தியல். மூன்றுமே துணுக்குகள். ஒரு படைப்பின் மையக்கருத்தை வைத்து யாரும் இப்படி விளையாடுவதில்லை. கருத்தைச் சொன்னால் விவாதம் வரும், துணுக்கைச் சொன்னால் கூட்டாளி கிடைப்பார். முகம் தெரியாத இருவர் ஒரே வரியில் உறவாகிவிடுவது அதனால்தான். அதோடு, துணுக்கு தெரிய வேண்டுமென்றால் படைப்பை ஊன்றிப் படித்திருக்க வேண்டும், அல்லது பலமுறை பார்த்திருக்க வேண்டும். அரட்டைக்குள் கூர்ந்த வாசிப்பு ஒளிந்திருக்கிறது. தெரியாதவரை ‘நீயெல்லாம் ரசிகனா’ என்று மட்டம்தட்டும் கெட்ட பழக்கமும் அங்கிருந்தே பிறக்கிறது.

விதி குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ‘பொன்னியின் செல்வன்’ நல்ல உதாரணம். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை அந்த நாவலில் கல்கி மூடுமந்திரமாகவே விட்டார். நந்தினியா, பெரிய பழுவேட்டரையரா என்று வாசகர்கள் தலைமுறை தலைமுறையாகத் துப்பறிந்து மகிழ்ந்தார்கள். நந்தினி கல்கியின் கற்பனை. அவள்மீது யாரும் பழிபோடலாம். ஆனால் ஆதித்த கரிகாலன் வரலாற்றில் வாழ்ந்தவன். உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர்களையே சொல்கிறது. 2022-இல் படம் வந்தபோது நாவலும் கல்வெட்டும் ஒரே பதிவில் கலந்தன. கேலியாகத் தொடங்கியது பல இடங்களில் சாதிச் சண்டையாக முடிந்தது. நந்தினியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு நாவலின் ஐந்து பாகங்கள் போதும். ராஜராஜன் காலத்து மனிதர்கள்மீது குற்றம் சாட்ட, மீம் போதாது. அந்தக் கல்வெட்டு எதற்காகப் பொறிக்கப்பட்டது என்பதையாவது படித்துவிட்டு வர வேண்டும்.